‘பின் வளைந்திருக்கிறது’ என்று கடை சொன்னால் போதுமா?

கேள்வி: வக்கீல் அம்மா, வணக்கம். எனக்கு வயது 23. தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். இரண்டு வருடச் சேமிப்பில் பாகங்களை வாங்கி நானே ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தேன். ஜனவரி 10 அன்று டர்பனில் ஒரு கடையில் மதர்போர்டும் ப்ராசஸரும் சேர்த்து 14,100 ரேண்டுக்கு வாங்கினேன். மே மாதம் கேம் திறக்கும்போதெல்லாம் ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று காட்டி நின்றுபோனது. பிறகு கம்ப்யூட்டரே தானாக அணைந்தது. மே 26 அன்று ப்ராசஸரைக் கழற்றாமல் போர்டோடு கடையில் கொடுத்தேன். ஜூலை 4 அன்று ‘பயாஸ் புதுப்பித்துச் சோதித்தாயிற்று, நன்றாக இயங்குகிறது’ என்று சீட்டு எழுதித் திருப்பித் தந்தார்கள். (பயாஸ் என்பது கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்.) ஜூலை 22 அன்று மறுபடியும் அதே கோளாறு. இப்போது சாக்கெட்டில், அதாவது போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடத்தில், ஊசி போன்ற பின் வளைந்திருக்கிறது, அது என் தவறு, ஆறு மாதமும் முடிந்துவிட்டது என்கிறார்கள். பரிசோதனைக் கட்டணம் 650 ரேண்ட் கட்டினால்தான் போர்டையே தருவார்களாம். பில்லின் பின்புறம் ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்றும் அச்சடித்திருக்கிறது. நான் ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை, தம்பி. ஜூலை 4 அன்று அவர்கள் எழுதிக் கொடுத்த அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பில்லைவிட அதுதான் உங்களுக்குப் பெரிய பலம்.

முதலில் ஆறு மாதக் கதையை முடித்துவிடுவோம். 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் சட்டமான நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் பழுதானால் திருப்பிக் கொடுக்கலாம். ரிப்பேரா, மாற்றுப் பொருளா, பணமா என்று சொல்ல வேண்டியவர் வாங்கியவர்தான், கடைக்காரர் அல்ல. நீங்கள் நான்கரை மாதத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டீர்கள். அவர்கள் ரிப்பேர் செய்து கொடுத்தார்கள். ரிப்பேருக்குப் பிறகு மூன்று மாதத்துக்குள் கோளாறு தீராமல் இருந்தாலோ புதிதாக ஒன்று முளைத்தாலோ, கடை பொருளை மாற்றித் தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். மறுபடியும் ரிப்பேர் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. உங்கள் கணக்கு ஜூலை 4 முதல் ஓடுகிறது. கோளாறு திரும்பியது பதினெட்டாம் நாள்.

இனி அந்தப் பின். பொருள் கடையை விட்டுப் போன பிறகு அதில் யாராவது கைவைத்து மாற்றியிருந்தால், அந்த அளவுக்குச் சட்டத்தின் வாரண்டி பொருந்தாது. கடை பிடித்துக்கொண்டிருப்பது இந்த ஒரு கிளையைத்தான். ஆனால் மே 26 முதல் ஜூலை 4 வரை போர்டு அவர்கள் மேசையில் இருந்தது. அவர்கள் ஆள் சோதித்து, நன்றாக இயங்குகிறது என்று எழுதியிருக்கிறார். பின் வளைந்திருந்ததாக அதில் ஒரு சொல் இல்லை. அப்படியானால் அன்று சாக்கெட்டின் பின் நேராக இருந்தது, அல்லது அவர்கள் சாக்கெட்டைத் திறந்தே பார்க்கவில்லை. இரண்டில் எதைச் சொன்னாலும் அவர்கள் வாதம் நொண்டும். அவர்கள் வசம் இருந்தபோதுதான் வளைந்தது என்றால் 65ஆம் பிரிவு வருகிறது: பிறர் பொருளை வைத்திருக்கும் வியாபாரி உரிய கவனத்தோடு காக்க வேண்டும், தவறினால் நஷ்டத்தை அவரே ஏற்க வேண்டும்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. ஜூலை 4க்குப் பிறகு ப்ராசஸரைக் கழற்றிப் பார்த்தீர்களா? கழற்றவில்லை என்றால் உங்கள் நிலை மிக வலுவானது. கழற்றியிருந்தால் கடையின் சந்தேகத்துக்குக் கொஞ்சம் இடம் உண்டு, அதை மறைக்காதீர்கள். ஓவர்கிளாக்கிங் செய்திருந்தாலும், அதாவது ப்ராசஸரை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓடவிட்டிருந்தாலும், அப்படியே. விசாரணையில் அது வெளிப்பட்டால், நீங்கள் சொல்லும் மற்ற உண்மைகளும் எடுபடாமல் போகும்.

ப்ராசஸரின் பெயரையும் எழுதவில்லை. இன்டெல்லின் 13 அல்லது 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர் என்றால், இதைக் கவனியுங்கள். அவற்றில் பல மாடல்கள் தேவைக்கு அதிகமான மின்னழுத்தம் கேட்டுப் பெற்று, நாளடைவில் நிலைகுலைகின்றன என்பதை அந்த நிறுவனமே 2024இல் ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்ட மாடல்களில் பெட்டியோடு விற்றவற்றுக்கு மூன்றாண்டு வாரண்டியை ஐந்தாண்டாக நீட்டியது. நீங்கள் சொல்லும் ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்ற செய்தி இந்தக் கோளாறோடு அடிக்கடி பேசப்பட்ட ஒன்று. பயாஸ் புதுப்பித்தால் மேற்கொண்டு சேதம் வராமல் தடுக்கலாம். கெட்டுப்போன ப்ராசஸர் அதனால் குணமாகாது. கடை செய்த ரிப்பேர் வெறும் பயாஸ் புதுப்பிப்புதான் என்பதைக் கடிதத்தில் அழுத்தி எழுதுங்கள். கோளாறு போர்டிலா ப்ராசஸரிலா என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டையும் ஒரே கடையில் வாங்கியது நல்லதாயிற்று. இறக்குமதியாளரிடம் போகச் சொன்னாலும் கேட்காதீர்கள். விற்ற கடையும் அதே வாரண்டிக்குப் பொறுப்பு.

650 ரேண்ட் கட்ட வேண்டாம். பழுது பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் உண்டென்று முன்கூட்டியே சொல்லி, நீங்கள் சம்மதித்திருந்தால் மட்டுமே வாங்கலாம் என்கிறது 15ஆம் பிரிவு. பில்லின் பின்புறத்து வாசகமும் செல்லாது. சட்டம் தந்த உரிமையை அச்சடித்த ஒரு வரியால் பறிக்க முடியாது என்பதற்கு 51ஆம் பிரிவு இருக்கிறது.

இன்றே கடைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தேதிகளை வரிசையாகச் சொல்லி, 56ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, 14,100 ரேண்டைப் பதினான்கு நாளில் திருப்பித் தருமாறு கேளுங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் பொருள் மற்றும் சேவைக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுங்கள். வாங்கியவருக்கு அதில் செலவில்லை. அவருடைய பரிந்துரை கடையைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. ஆனாலும் 69ஆம் பிரிவு நீதிமன்றத்தைக் கடைசிப் படியாக வைத்திருப்பதால் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். அதன் பிறகு சிறு வழக்கு நீதிமன்றம். 20,000 ரேண்ட் வரையிலான வழக்குகளை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள். வக்கீல் வாதாட அனுமதி இல்லை, கடைக்கும்தான். உங்கள் வழக்கை நீங்களே பேச வேண்டும். அங்கே மேல்முறையீடு கிடையாது. ஆகவே தாள்களை முன்பே ஒழுங்காக அடுக்கிக்கொண்டு போங்கள்.

அதற்கு முன், போர்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக் கடைக்கு ஒரு நண்பரோடு போங்கள். சாக்கெட்டைத் திறக்கச் சொல்லி, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் படம் எடுங்கள். நேரான பின்கள் ஒரே வரிசையாக மின்னும். வளைந்தது இருந்தால் அந்த இடத்தில் மினுக்கம் உடையும். எத்தனை பின், எந்த மூலை என்று அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். கையெழுத்து கேட்டால், ‘பார்த்தேன், காரணத்தை ஏற்கவில்லை’ என்று உங்கள் கையாலேயே எழுதி, அதன் கீழே போடுங்கள்.