எஜுகேஷன்: வெளியே எடுப்பதா, வளர்ப்பதா?

அன்புள்ள ஐயா,

ஆசிரியர் பயிற்சிக் கூட்டமொன்றில் பேசியவர், “எஜுகேஷன் என்றால் லத்தீனில் உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது. ஆகவே ஆசிரியர் எதையும் புகட்டக் கூடாது” என்றார். பலத்த கைதட்டல். எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அவர் சொன்னது சரியா?

ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் உறுத்தல் நியாயமானது. லத்தீனில் இரண்டு வினைகள் உண்டு. ஏடூகெரெ என்றால் வெளியே கொண்டுவருவது. ஏடுகாரெ என்றால் பேணி வளர்ப்பது. இரண்டும் ஒரே வேரில் பிறந்த பங்காளிகள்தான். தன்மை ஒருமையில் ஒன்று ஏடூகோ, மற்றது ஏடுகோ. ரோமன் எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். நம் எழுத்தில் குறில் நெடில் காட்டிக்கொடுத்துவிடும்.

எஜுகேஷன் வந்தது வளர்ப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து. மற்ற வினையின் பெயர்ச்சொல் ஆங்கிலத்தில் தனியாகவே இருக்கிறது: இடக்‌ஷன். ஜேம்ஸ் வாட்டின் எஞ்சினில், வேலை முடிந்த நீராவியை சிலிண்டரிலிருந்து வெளியேற்றும் குழாய்க்கு இடக்‌ஷன் பைப் என்று பெயர்.

கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானிய அறிஞர் வர்ரோவின் ஒரு வரி இதைத் தெளிவாக்கிவிடுகிறது. மருத்துவச்சி வெளியே கொண்டுவருகிறாள் (ஏடூகிட்), செவிலி வளர்க்கிறாள் (ஏடுகட்), பெடகோகஸ் பழக்குகிறான், ஆசிரியர் கற்பிக்கிறார். பெடகோகஸ் என்பவன் பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் அடிமை. கற்பிக்கும் முறையைக் குறிக்கும் பெடகாஜி என்ற சொல்லுக்கும் அவன்தான் மூலம்.

ஆக, பாலூட்டி வளர்ப்பவளின் வேலையைச் சொன்ன வினை இது. 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் பிள்ளை வளர்ப்பு என்ற பொருள் அதில் இருந்தது. பிரெஞ்சில் பட்டுப்புழு வளர்ப்பைக்கூட இந்தச் சொல்லால் குறித்தார்கள். புகட்டக் கூடாது என்பதற்குப் போய் இதைச் சாட்சிக்கு இழுக்கலாமா? எழுத்தே தெரியாமல் ஒன்றாம் வகுப்பில் வந்து உட்காரும் குழந்தைக்கு ‘அ’வை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். அது அதற்குள் ஒளிந்திருக்கவில்லை.

வெளியே கொண்டுவருவது என்ற கருத்து மட்டமானது என்று சொல்ல வரவில்லை. எனக்கு மிகவும் பிடித்த கருத்து அது. ஆனால் அதைச் சாக்ரடீஸிடமிருந்து எடுத்துச் சொல்ல வேண்டும். பிளேட்டோவின் தியேடெடஸ் உரையாடலில், தன் தாய் ஒரு மருத்துவச்சி என்றும், தானும் இளைஞர்களின் மனத்துக்கு அந்த வேலையைத்தான் செய்வதாகவும் அவர் சொல்கிறார். வர்ரோ ‘ஏடூகிட்’டைக் கொடுத்ததும் மருத்துவச்சிக்குத்தானே! அந்தப் பேச்சாளரை மறுபடி பார்த்தால் இந்த உரையாடலைப் படிக்கச் சொல்லுங்கள்.