ஹலோ என்பது கிரகாம் பெல்லின் காதலி பெயரா? குட்பைக்கு என்ன பொருள்?

இல்லை. தொலைபேசியைக் கண்டுபிடித்த பெல்லின் காதலி பெயர் 'மார்கரெட் ஹலோ', அதனால்தான் போனில் ஹலோ சொல்கிறோம் என்ற கதை எனக்கும் வாட்ஸ்அப்பில் பல முறை வந்திருக்கிறது. என் மகள் அதைப் பேச்சுப் போட்டிக்கு எழுதி வைத்திருந்ததைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்து தேடிப் படித்தேன்.

பெல் 1877-இல் மணந்துகொண்டது மேபல் ஹப்பர்டை. சிறு வயதில் வந்த காய்ச்சலில் காது கேட்காமல் போனவர். தொலைபேசியைக் கண்டுபிடித்தவரின் மனைவியால் அதில் பேச்சைக் கேட்க முடியாது என்பது எந்தக் கட்டுக்கதையையும் விட என்னை அதிகம் பாதித்தது.

தொலைபேசியில் கூப்பிட பெல்லுக்குப் பிடித்த சொல்லும் ஹலோ இல்லை, 'அஹாய்'. மாலுமிகள் கப்பலுக்குக் கப்பல் கூப்பிடும் குரல் அது. ஹலோவைச் சொன்னவர் எடிசன். 1877 ஆகஸ்டில் பிட்ஸ்பர்கில் இருந்த டேவிட் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், தொலைபேசிக்குத் தனியாக மணி வேண்டியதில்லை, ஹலோ என்றாலே 10 முதல் 20 அடி தூரம் கேட்கும் என்கிறார். அதற்கு முன்னும் அந்தச் சொல் இருந்தது. ஆனால் வணக்கமாக இல்லை. தூரத்தில் போகிறவரைக் கூப்பிடவும், வியப்பைக் காட்டவும்தான். நம் 'ஏய்', 'ஓய்' மாதிரி. தொலைபேசிதான் அதை மரியாதையான சொல்லாக்கியது.

சரி, குட்பை. இதில் 'நல்ல' என்ற பொருளே முதலில் கிடையாது. 'காட் பி வித் யீ', அதாவது 'கடவுள் உங்களோடு இருக்கட்டும்' என்ற வாழ்த்து, வேகமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்து ஒரே சொல்லானது. 1573-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றிலேயே 'காட்ப்வை' என்று சேர்த்து எழுதியிருக்கிறார்கள். அப்புறம் குட் டே, குட் ஈவினிங் எல்லாம் பக்கத்தில் இருந்ததால் 'காட்' மெல்ல 'குட்' ஆகிவிட்டது. வெறும் 'பை' சொல்லும்போது கடவுள் விடுபட்டு, 'உங்களோடு இருக்கட்டும்' மட்டும் மிஞ்சுகிறது. இது தெரிந்த நாளிலிருந்து அவசரமாக 'பை' சொல்லி போனை வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

ஃபேர்வெல்லும் வாழ்த்துதான். 'ஃபேர்' என்றால் பழைய ஆங்கிலத்தில் பயணம் போவது. பஸ் கட்டணத்தைச் சொல்லும் 'ஃபேர்' அதே வேரிலிருந்து வந்தது. வழியனுப்புகிறவர் கிளம்புகிறவரைப் பார்த்து, 'நல்லபடியாகப் போய்ச் சேர்' என்கிறார்.

மகளின் பேச்சில் மார்கரெட்டை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் இப்போது மேபல் இருக்கிறார்.