வீட்டைவிட்டு வெளியே போகாத பூனைக்கு இன்சூரன்ஸ் வீண்செலவா?

ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் ஃபிளாட், பூனை வாசப்படி தாண்டாது, பிறகு எதற்கு மாதாமாதம் தண்டம் அழ வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆண் பூனை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்: எடுங்கள்.

டர்பன் ஓவர்போர்ட்டில் எங்களுக்கும் ஃபிளாட்தான். எங்கள் பூனை கருப்பன் குட்டியாக வந்தபோதே பாலிசி போட்டுவிட்டேன். "மனுசனுக்கே மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) கட்டி மாளல, பூனைக்கு இன்சூரன்ஸாம்!" என்று என் கொழுந்தனார் போகிற கல்யாண வீட்டிலெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

ஒரு ஞாயிறு ராத்திரி கருப்பன் லிட்டர் பாக்ஸுக்கும் ஹாலுக்குமாக அலைந்தான். உட்கார்ந்து முக்குகிறான், ஒரு சொட்டு வரவில்லை. அடிவயிற்றைத் தொட்டால் எலுமிச்சம்பழம் மாதிரி கெட்டியாக இருக்கிறது, கை பட்டதும் அலறுகிறான். மாமியார் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெயோடு வந்துவிட்டார். மலச்சிக்கல் இல்லை, மூத்திர அடைப்பு. ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் ரொம்பக் குறுகல். அடைத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுவிடும். ஓரிரு நாளிலேயே உயிர் போய்விடலாம். வீட்டுக்குள்ளேயே கிடந்து, உலர்தீனி தின்று பெருத்த ஆண்களுக்குத்தான் இது அதிகம் வரும். உங்கள் செல்லமும் அந்த ஜாதிதானே?

மயக்கம் கொடுத்து, மூத்திரம் இறங்க கதீட்டர் குழாய் போட்டு, டிரிப் ஏற்றி, சில நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். பில் ஐந்து இலக்கம். பாலிசி இருக்கிறது என்று சொல்லியும் முன்பணம் கட்டாமல் உள்ளே கொண்டுபோகவில்லை. நாம் கட்டிவிட்டுத்தான் கிளெய்ம் போட வேண்டும். எக்ஸஸ், அதாவது நாமே ஏற்க வேண்டிய பங்கு, போக மீதி வந்தது. கொழுந்தனார் இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

உடனே ஏஜென்டா என்று கேட்காதீர்கள், இல்லை. தடுப்பூசி, கருத்தடை எல்லாம் சாதாரண பாலிசியில் வராது. ரேபிஸ் ஊசி தென்னாப்பிரிக்காவில் பூனைக்கும் சட்டப்படி கட்டாயம். அது உங்கள் கைக்காசு. விபத்துக்கு மட்டும் என்று மலிவாக ஒன்றைக் காட்டுவார்கள். வாசப்படி தாண்டாத பூனைக்கு அது எதற்கு? நோயும் சேர்ந்ததாகக் கேளுங்கள். பாலிசி எடுத்து எத்தனை நாள் கழித்து கிளெய்ம் போடலாம், அந்தக் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்றும் பாருங்கள். ஒருமுறை அடைப்பு வந்த பிறகு பாலிசி எடுக்க ஓடினால், ஏற்கெனவே இருந்த நோய் என்று ஒதுக்கிவிடுவார்கள். அதுவோ திரும்பத் திரும்ப வருகிற சங்கதி.

ஃபிளாட் என்றதும் இன்னொன்று. பூனை வளர்க்க எழுத்தில் அனுமதி வாங்கு என்று எங்கள் பாடி கார்ப்பரேட் (ஃபிளாட் உரிமையாளர் சங்கம்) கடிதம் மேல் கடிதம் போடுகிறது. நியாயமில்லாமல் அனுமதி மறுக்கக்கூடாது என்று அதே விதியில்தான் இருக்கிறது, அதை மட்டும் படிக்கமாட்டார்கள். சனிக்கிழமையானால் பால்கனியில் பிராய் (இறைச்சி சுடும் அடுப்பு) மூட்டி என் துணியெல்லாம் புகை நாறவைக்கிற கீழ்வீட்டுக்காரருக்கு எவனும் கடிதம் போட்டதாகத் தெரியவில்லை.