சூடானதும் இடிக்கும் கியர்: கியர்பெட்டியைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என் பிக்கப் 1997 செவ்ரோலே சில்வராடோ, 4எல்60-இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். குளிர்ந்திருக்கும்போது கியர் சீராக மாறுகிறது. அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டியபின், ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது வண்டியே குலுங்க இடிக்கிறது. ரிவர்ஸ் நன்றாக இருக்கிறது. கியர்பாக்ஸை முழுதாகப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். தேவையா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இடிக்கத் தொடங்கியதும் ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். இடி மறைந்து, கொஞ்ச தூரம் ஓடியபின் திரும்பி வந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. சாவியைத் திருப்பினால் போகிற இடி, தேய்ந்த கிளட்ச் தருகிற இடியல்ல, வண்டியின் கணினி தருவது.

என்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது டார்க் கன்வெர்ட்டர்; இரண்டையும் நேரடியாக இணைப்பது அதிலுள்ள பூட்டு கிளட்ச். இந்த மாடலில் அந்தப் பூட்டு கிளட்சை ஒரு சோலினாய்டு (மின்சாரத்தால் ஆயில் ஓட்டத்தைத் திறந்து மூடும் கருவி) துடித்துத் துடித்து இயக்குகிறது. அந்தத் துடிப்பில் அதன் வால்வு ஓயாமல் ஆடி, வால்வ் பாடியின் (ஆயிலைக் கிளட்ச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் பகுதி) அலுமினியத் துளையை அரித்துவிடும். சூட்டில் ஆயில் இளகியதும் அந்த இடைவெளியில் அழுத்தம் கசிகிறது, பூட்டு நழுவுகிறது. நழுவலைக் கண்ட கணினி, கிளட்ச்சுகள் எரியாமல் காக்க ஆயில் அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றிவிடும். நீங்கள் உணரும் இடி அதுதான்.

ஸ்கேனரில் பி1870 (கியர்பாக்ஸ் நழுவுவதைச் சொல்லும் பிழைக் குறியீடு) இருக்கிறதா பாருங்கள். நேரடித் தரவில், பூட்டு முழுதாக விழுந்தபின் நழுவல் வேகம் (என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் உள்ள சுழற்சி வேக வித்தியாசம்) சில பத்து ஆர்பிஎம்முக்குள் அடங்க வேண்டும். நூறைத் தாண்டி நின்றால் சந்தேகமில்லை. குளிர்ந்த நிலையிலேயே, ஸ்டார்ட் செய்ததிலிருந்து இடித்தால் கதை வேறு: அழுத்தக் கட்டுப்பாட்டு சோலினாய்டையும் அதன் வயரையும் சோதியுங்கள். அறை வெப்பத்தில் அதன் மின்தடை 3.5 முதல் 4.6 ஓம் வரை இருக்க வேண்டும். மின்சாரம் அறுந்தால் அழுத்தம் தானே உச்சத்தில் நிற்கும். ரீஸ்டார்ட் செய்தாலும் இடி போகாவிட்டால் 1-2 அக்குமுலேட்டரின் (ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும் அதிர்வைத் தணிப்பது) பிஸ்டனும் விரிசல் விட்டிருக்கலாம். கியர்பாக்ஸின் அடியிலுள்ள ஆயில் தட்டான பேனைக் கழற்றினாலே அது கைக்கு எட்டும்.

ஆயில் அளவைச் சமதளத்தில், சூடான நிலையில், என்ஜின் ஓட, கியரைப் பார்க் (P) நிலையில் வைத்துப் பாருங்கள். பிறகு பேனை இறக்குங்கள். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை படிந்திருப்பது இயல்பு. கருந்துகளும் கருகிய வாடையும் இருந்தால் மட்டுமே உங்கள் மெக்கானிக் சொன்னது சரி: கன்வெர்ட்டர் கிளட்சே தேய்ந்திருக்கும், பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும்.

இல்லையென்றால் வால்வ் பாடியை மட்டும் மாற்றலாம். அல்லது துளையை ரீமர் போட்டு அகட்டி, அதற்கேற்ற பெரிய வால்வைப் பொருத்தலாம். பெட்டி வண்டியிலேயே இருக்கும். ஆயிலை மட்டும் மாற்றிப் பார்ப்பது வீண், அரித்த துளை அதனால் அடைபடாது. வால்வ் பாடியை இறக்கும்போது குட்டி எஃகு உருண்டைகள் கீழே உதிரும். எது எந்தக் குழியில் என்று முன்கூட்டியே வரைபடத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இடம் மாறினாலும் புதுக் கோளாறு முளைக்கும். மூடும்போது புது ஃபில்டர், டெக்ஸ்ரான் 6 ஆயில் சுமார் 5 லிட்டர். முதலில் நான்கு ஊற்றி, மீதியை டிப்ஸ்டிக் பார்த்துச் சேருங்கள்.