ஸ்லைட் ரூல்: கேளுங்கள், சொல்கிறேன்

ஹட்டன்: ஐயா, அப்பாவின் பெட்டியில் நடுப் பட்டை நழுவுகிற அடிமட்டம் கிடைத்தது. எப்படிப் பெருக்குவது?

அது அளக்கிற அடிமட்டம் இல்லை தம்பி, கணக்குப் போடுகிற ஸ்லைட் ரூல். எண்கள் சம தூரத்தில் இல்லை, பாருங்கள். ஒவ்வொன்றும் தன் மடக்கை (லொகரிதம், அதாவது 10இன் எத்தனையாவது அடுக்கு அந்த எண் என்பது) அளவுக்குத் தள்ளி நிற்கிறது. 25 சென்ரிமீற்றர் கோட்டில் 2 இருப்பது ஏறத்தாழ 7.5இல், 3 இருப்பது 11.9இல். கூட்டினால் 19.4. அங்கே 6 நிற்கும். மடக்கைகளைக் கூட்டினால் எண்கள் பெருகும், அவ்வளவுதான்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தவன், பெக்டரிக் கணக்கிலேயே சொல்கிறேன். 1,840 கிலோ பச்சைக் கொழுந்து, நூறு கிலோவுக்கு 21.5 கிலோ தூளாகத் தேறுகிறது. நடுப் பட்டையில் சி கோட்டின் 1ஐ, அதன் கீழே அசையாத பட்டையில் இருக்கும் டி கோட்டின் 1.84க்கு நேரே வையுங்கள். கோலின் மேல் நகரும் கண்ணாடியின் மெல்லிய கோட்டை சி கோட்டின் 2.15க்கு நகர்த்துங்கள். கீழே டி கோட்டில் 3.96க்குக் கிட்டக் காட்டும். விடை 396 கிலோ. 39.6ஆ, 396ஆ என்று கோல் சொல்லாது. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அதாவது 400க்குக் கிட்ட என்று முதலில் மனத்தில் போட்டுவிட்டே கோலைத் தொடுங்கள்.

பண்டாரவளை: கூட்டல், கழித்தல்?

வராது. தாளில் போடுங்கள்.

நுவரெலியா: மழைக் காலத்தில் பட்டை இறுகிவிடுகிறது. எண்ணெய் விடலாமா?

வேண்டவே வேண்டாம். மரம் ஈரம் குடித்து ஊதியிருக்கிறது. எண்ணெய் விட்டால் அழுக்கும் சேரும். உலர்ந்த அறையில் சில நாள் வைத்து, அப்புறம் மெழுகுதிரியை லேசாகத் தேயுங்கள். அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், மேலே ஒட்டியிருக்கும் செலுலாயிட் தீப்பற்றும்.

மஸ்கெலியா, ஆசிரியர்: கண்டுபிடித்தவர் எட்மண்ட் கன்டர்தானே?

இல்லை சேர். 1614இல் நேப்பியர் மடக்கையை வெளியிட்டார். 1620 வாக்கில் கன்டர் அதை இரண்டடிக் கோலில் பொறித்தார். அதில் நழுவும் பாகமே கிடையாது, கவராயத்தால் நீளம் எடுத்துக் கூட்ட வேண்டும். இரண்டு கோடுகளை ஒன்றோடொன்று நழுவவிட்டவர் வில்லியம் ஓட்ரெட்.

அதே ஆசிரியர்: கோடு கன்டருடையது. மற்றது சின்னத் திருத்தம்.

எப்படி சேர் சின்னது? கவராயத்தில் ஒவ்வொரு பெருக்கலுக்கும் புதிதாக நீளம் எடுக்க வேண்டும். கை அசைந்தால் பிழை. நழுவும் கோலை 1.84இல் ஒரு தரம் வைத்தால், எந்தத் தேறலுக்கும் கண்ணாடியை மட்டும் நகர்த்தினால் போதும்.

ஹப்புத்தளை: நானும் சேர் பக்கம். ஓட்ரெட்டுக்கு முன்பே டெலமெய்ன் புத்தகம் போட்டாரே?

1630இல் போட்டார், வட்டக் கோலைப் பற்றி. ஓட்ரெட்டிடமிருந்து எடுத்தது என்று பெரிய சண்டையும் நடந்தது. அந்தச் சண்டை இரண்டு பேருக்கும் இடையில், கன்டருக்கு அதில் பங்கில்லை.

கொட்டகலை: பழைய கோலுக்கு என்ன விலை?

விலை கேட்பது இது மூன்றாவது ஆள். நான் விற்பவன் இல்லை.

ஹட்டன்: ஐயா, 3.95 வந்தது!

நல்லது தம்பி. கோலைத் தொடுமுன் மனத்தில் என்ன போட்டீர்கள்?