கோணல் தையல் இருக்கட்டும்

கேள்வி: இரண்டு மாதத்தில் அம்மாவுக்கு எழுபது வயது நிறைகிறது. மறைந்த அப்பாவின் சட்டைகள், எங்கள் சிறுவயது உடைகள் என்று ஒரு பெட்டி நிறையப் பழந்துணி இருக்கிறது. அவற்றை ஒட்டுப்போர்வையாகத் தைத்துக் கொடுக்க ஆசை. எனக்குக் கைத்தையல்தான் தெரியும். நாங்கள் உடன்பிறந்தவர்கள் மூவர். முடியுமா? – ஒரு வாசகி

முடியும், சகோதரி. ஆனால் தனியாகச் செய்யாதீர்கள். மூன்று பேர் இருக்கிறீர்கள், கணக்கும் அதற்கு அழகாக ஒத்துவருகிறது. 12 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, நான்கு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் தையலுக்கு விட்டால், தைத்தபின் 10 சென்டிமீட்டர் நிற்கும். அகலத்தில் 12, நீளத்தில் 15 என்று வைத்தால் மொத்தம் 180 துண்டுகள். 120க்கு 150 சென்டிமீட்டர் போர்வை. ஆளுக்கு 60 துண்டு, அதாவது ஐந்து வரிசை. நாளுக்கு இரண்டு துண்டு இணைத்தாலும் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். மீதி மாதம் மூன்று பாகங்களையும் சேர்த்து அடித்துணி வைத்துத் தைக்க.

வெட்டுவதற்கு முன் எல்லாத் துணியையும் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுவிடுங்கள். துவைக்காத துணி பிறகு சுருங்கி, போர்வையையே இழுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முழங்கையிலும் அக்குளிலும் நைந்திருக்கும். சட்டையின் முதுகுப் பகுதிதான் பெரும்பாலும் நன்றாக இருக்கும். பனியன் துணியைச் சட்டைத் துணியோடு கலக்காதீர்கள், ஒன்று நீளும், மற்றது நீளாது. இழை ஓடும் திசையிலேயே வெட்டுங்கள். குறுக்காக வெட்டிய துண்டு கையிலேயே இழுபட்டுச் சதுரம் கெட்டுப்போகும்.

மேல் துணி, நடுவில் ஒரு பழைய மெல்லிய போர்வை, அடியில் படுக்கை விரிப்பு. மூன்றையும் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, முதலில் பெரிய பெரிய தையலாகப் போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தையுங்கள். ஓரத்தில் தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து குவிந்து, அவிழ்ப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. நான் அப்படி ஒரு முழு வாரத்தை இழந்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்காகச் செய்யுங்கள். அப்பாவின் சட்டைப்பை ஒன்றைத் தனியே பிரித்தெடுத்து, போர்வையின் பின்புறம் ஒரு மூலையில் பையாகவே வைத்துத் தைத்துவிடுங்கள். அம்மா அதில் கை விட்டுப் பார்ப்பார்.

கேள்வி: ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள். கோடை விடுமுறை முழுவதும் திரையைப் பார்த்தபடியே இருக்கிறார்கள். கையால் செய்ய ஏதாவது சொல்லுங்கள். – ஒரு தந்தை

வெயிலை வைத்தே படம் அச்சிடலாம், தம்பி. வெயில் பட்டால் நீலமாகும் தாள் தயார்நிலையிலேயே விற்பனைக்குக் கிடைக்கிறது. நிழலான இடத்தில் உறையிலிருந்து எடுத்து, அதன்மேல் ஓர் இலையையோ இறகையோ வைத்து, காற்றில் பறக்காமல் ஒரு கண்ணாடித் தகட்டை அழுத்திவைத்து வெயிலில் வையுங்கள். உச்சி வெயிலில் சில நிமிடங்கள் போதும். பிறகு வெறும் தண்ணீரில் அலசினால் இலை இருந்த இடம் வெள்ளையாகவும் சுற்றிலும் நீலமாகவும் வரும். காயக் காய நீலம் இன்னும் அடர்ந்துகொண்டே போகும். அந்த ஒரு நாள் முழுவதும் பிள்ளைகள் போய்ப் போய்ப் பார்ப்பார்கள். கண்ணாடியின் விளிம்பில் நாடா ஒட்டிவிடுங்கள். அதைக் கையாளும் வேலை உங்களுடையதாக இருக்கட்டும்.

1842இல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கில விஞ்ஞானி கண்டறிந்த முறை இது. அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி இதைக் கொண்டு கடற்பாசிகளின் வடிவங்களைப் பதிவுசெய்யத் தொடங்கினார். கட்டட வரைபடங்களுக்கு ‘புளூபிரிண்ட்’ என்ற பெயர் வந்ததும் இதே நீலத்தால்தான். மூத்தவனுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். சின்னவளுக்குத் தன் உள்ளங்கை அச்சே போதும், கையை அசைக்காமல் வைத்திருப்பதே அவளுக்கு ஒரு விளையாட்டு. அச்சிட்ட தாள்களை மடித்தால் பிறந்தநாள் வாழ்த்து அட்டைகள் ஆகிவிடும். வெயில் படும் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள், நிறம் மங்கும். மங்கிவிட்டாலும் சில நாட்கள் இருட்டில் வைத்தால் பெரும்பாலும் திரும்பி வரும்.

கேள்வி: மகனின் பிறந்தநாளுக்கு எல்லா அலங்காரத்தையும் கையால் செய்ய நினைத்தேன். வேலைக்கும் போகிறேன், நேரமில்லை. குற்ற உணர்வாக இருக்கிறது. – ஒரு வாசகி

தோரணத்தை வாங்கிவிடுங்கள். வருகிறவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் உங்கள் மகன் கையால் எழுதி, உட்காரும் இடத்தில் வைக்கட்டும். இருபது அட்டை, ஒரு மாலை நேரம். பிறர் நம் பெயரை எழுதி வைத்துக் காத்திருந்தார்கள் என்பது யாருக்கும் சந்தோஷம்தான்.

கேள்வி: என் மகள் முதன்முதலாகத் தன் பாட்டிக்கு ஒரு தலையணை உறை தைத்திருக்கிறாள். தையல் முழுவதும் கோணல். அவள் தூங்கியபின் பிரித்துத் திருத்தித் தைத்துவிடலாமா? – ஒரு தாய்

வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம்.

எனக்குப் பத்து வயதில் ஒரு கைக்குட்டையில் பூத்தையல் போட்டேன். அன்றிரவு என் அத்தை அன்போடுதான் அதைப் பிரித்து, அழகாகப் போட்டுவைத்தார். காலையில் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். இதழ்களைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் எதுவும் சொல்லவில்லை. அதன்பின் பல ஆண்டுகள் ஊசியைத் தொடவும் இல்லை. அந்தக் கைக்குட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது, அதில் என் தையல் ஒன்றுகூட இல்லை.

உறை பிரிந்துவிடும் என்று பயமாக இருந்தால், பகலில் அவளையே பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். அவள் போட்ட வரிசைக்குப் பக்கத்தில், அவளுக்குப் பிடித்த நிற நூலில் இன்னொரு வரிசை போடச் சொல்லுங்கள். நூல் கோக்க மட்டும் நீங்கள் உதவுங்கள்.