ஓரமாக நிற்கும் ஆம்புலன்ஸைக் கடக்கும்போது...

கேள்வி: அமெரிக்காவில் சாலையோரம் விளக்கு மின்ன நிற்கும் ஆம்புலன்ஸ், போலீஸ் வாகனங்களைக் கண்டால் தடம் மாற வேண்டுமாமே? பக்கத்துத் தடத்தில் இடமே இல்லை என்றால்?

பதில்: ஆம், 50 மாநிலங்களிலும் இதற்குச் சட்டம் உண்டு. அந்த வாகனத்தை ஒட்டிய தடத்தை நீங்கள் காலி செய்ய வேண்டும். இடமில்லையா? வேகத்தைக் குறையுங்கள். எவ்வளவு என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஃபுளோரிடாவில் அறிவிப்புப் பலகையில் உள்ள வேகத்தைவிட மணிக்கு 20 மைல் குறைவாகப் போக வேண்டும். 70 என்றிருந்தால் 50. அங்கே 2024 ஜனவரி முதல், அபாய விளக்கு எரியப் பழுதாகி நிற்கும் சாதாரண காருக்கும் இதே விதிதான்.

பலர் செய்யும் தவறு, அருகில் வந்த பிறகு சட்டென்று பிரேக் போடுவது. பின்னால் வருபவர் மோதிவிடுவார். தொலைவில் விளக்கு தெரிந்ததுமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியில் தெரியாத பக்கவாட்டுப் பகுதியைத் தலை திருப்பிப் பார்த்த பிறகே மாறுங்கள். கதவைத் திறந்து இறங்குபவர் உங்கள் தடத்தில்தான் கால் வைப்பார். அதை மறக்கவே கூடாது.

சைரனுடன் ஓடி வரும் வண்டிக்கு விதி வேறு: சந்திப்பைத் தாண்டி, வலது ஓரம் ஒதுங்கி, அது கடக்கும்வரை நிற்க வேண்டும்.